நாலாவது, ஐந்தாவது பிள்ளைகள் 'நம் மாநிலம்' பற்றித் தாங்களே தேடிப் பேச: டெல்டா பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

"தமிழ்நாடு பற்றி எழுதிக்கொண்டு வா" என்று நான்காம் வகுப்பில் சொன்னால் மறுநாள் என்ன வரும் என்று எந்த டீச்சரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். பிரவுசிங் சென்டரில் எடுத்த இரண்டு பக்க பிரிண்ட், கடையில் பத்து ரூபாய்க்கு விற்கும் படத் தாளிலிருந்து வெட்டி ஒட்டிய பெரிய கோயில், அம்மாவின் அழகான கையெழுத்தில் ஒரு சார்ட். "இதில் என்ன எழுதியிருக்கிறாய்?" என்றால் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும்.

அதை மாற்ற நானும் என் பள்ளியில் கூட இருப்பவர்களும் சில ஆண்டுகள் மல்லுக்கட்டினோம். மன்னார்குடிப் பக்கம், ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. இப்போது ஓரளவு வழி பிடிபட்டிருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்கள் அதே பாட்டைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். மற்றவர்கள் ஆற்றையும் பயிரையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் தேதி

பிள்ளைகள் எந்த நாளில் பேசப்போகிறார்கள் என்பதை முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். நான்கு வாரம் போதும். அதற்கு மேல் இழுத்தால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆர்வம் போய்விடும், குறைத்தால் வீட்டில் உள்ளவர்கள் செய்துகொடுத்து விடுவார்கள்.

நம் பக்கத்துக்கு இரண்டு காலம் தோதானவை. ஒன்று, ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலையில் முடிப்பது. ஜூலை 18-ஐத் தமிழ்நாடு நாள் என்று அரசு 2021-இல் அறிவித்ததிலிருந்து அந்த நாளில் பள்ளிகளில் எப்படியும் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும், அதோடு சேர்த்துவிடலாம். மேட்டூரில் வழக்கம்போல் ஜூன் 12-இல் தண்ணீர் திறந்துவிட்ட ஆண்டென்றால், பிள்ளைகள் கண்ணெதிரிலேயே வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும். இரண்டாவது, பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. சம்பா அறுவடை நடக்கும், நெல் கொள்முதல் நிலையங்கள் திறந்திருக்கும், பார்க்கவும் கேட்கவும் நிறைய இருக்கும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மட்டும் வேண்டாம். மழை விடுமுறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதியில் நின்ற வேலையை மறுபடி தூக்கி நிறுத்துவது பெரும்பாடு. சுவரில் ஒட்டிய சார்ட் ஈரத்தில் சுருண்டு விழுவது தனிக் கதை.

2. கடிதங்களை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்

தலைமை ஆசிரியரின் எழுத்துப்பூர்வ அனுமதி ஒன்று. அரைப் பக்கம் போதும்: எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எந்தத் தேதிகள், வெளியே எங்கே போகிறீர்கள். பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்துக்குப் போனாலும் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். ஊரைத் தாண்டி வேன் வைத்துப் போவதாக இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலரின் அனுமதி தேவைப்படும். அது கையில் கிடைக்க நாளாகும், கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை.

பெற்றோர் ஒப்புதல் கடிதம் இன்னொன்று. இதில் இரண்டு விஷயத்தைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். வெளியே அழைத்துப் போகச் சம்மதமா? புகைப்படம், வீடியோ எடுக்கச் சம்மதமா? இரண்டையும் ஒரே வரியில் எழுதினால், படம் வேண்டாம் என்கிற அம்மா கடிதத்தையே தர மாட்டார். அப்பா வெளிநாட்டில், அம்மா நடவு வேலையில் என்று கையெழுத்துக்கு ஆள் கிடைக்காத வீடுகள் நம் பக்கம் அதிகம். அந்த வீடுகளுக்குக் கடிதத்தை முதலில் அனுப்புங்கள். தாத்தா, அப்பாயி வைக்கும் கைநாட்டு செல்லுமா என்று தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையம், கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம், நூலகம் என்று எங்கே போனாலும் பள்ளி முத்திரையோடு ஒரு கடிதம் கையில் இருக்கட்டும். தெரிந்தவர்தானே என்று வெறுங்கையோடு போனால், அன்றைக்கென்று பார்த்து வேறொருவர் பணியில் இருப்பார்.

3. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

வேலையின் பாதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. "தமிழ்நாட்டின் சிறப்புகள்" என்ற தலைப்பைக் கொடுத்த நிமிடமே காரியம் கெட்டது. அந்தத் தலைப்புக்கு வெட்டி ஒட்டுவதைத் தவிரப் பிள்ளையால் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளை தொட்டுப் பார்க்கும் ஒரு பொருளிலோ இடத்திலோ கேள்வி தொடங்கவேண்டும், மாநிலத்தின் ஏதோ ஒரு மூலையில் போய் முடியவேண்டும்.

எங்களுக்கு ஒவ்வொரு முறையும் கைகொடுக்கும் கேள்வி இது: "நம் பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" முதல் பதில் எப்போதும் "ஆத்துலேர்ந்து". எந்த ஆறு? பாமணியாறு. பாமணியாற்றுக்கு? அது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் (ஆறு பிரியும் இடத்து மதகை நம் பக்கம் தலைப்பு என்போம்) பிரிகிறது. அங்கே வெண்ணாறு மூன்றாகி, கோரையாறு ஒரு பக்கமும் பாமணியாறு ஒரு பக்கமும் போகின்றன. வெண்ணாறு கல்லணையில் பிரிந்து வருகிறது. கல்லணைக்கு மேலே முக்கொம்பு, அதற்கு மேலே மேட்டூர், அப்புறம் ஒகேனக்கல், கர்நாடகம், குடகு மலையில் தலைக்காவிரி. மேலே போகப் போக ஊரின் பெயர், மாவட்டத்தின் பெயர், எல்லை எல்லாம் தானாக வந்துவிடுகின்றன. திருச்சியும் நாமக்கல்லும் ஈரோடும் சேலமும் மனப்பாடப் பட்டியலாக இல்லாமல், தண்ணீர் வரும் வழியில் உள்ள ஊர்களாக மனதில் நிற்கின்றன. உங்கள் ஊருக்கு அரசலாறோ குடமுருட்டியோ வெட்டாறோ மண்ணியாறோ, எதுவாக இருந்தாலும் இதே சங்கிலியைப் போடலாம்.

இரண்டாவது வழி, வீட்டுக்கும் பள்ளிக்கும் வரும் பொருள்களைப் பிடித்துக்கொண்டு போவது. சத்துணவு முட்டை நாமக்கல்லைக் காட்டும். தீப்பெட்டி சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் இழுத்துப் போகும். பனியன் திருப்பூர், தேயிலைத் தூள் நீலகிரி, ஜவ்வரிசி சேலம், உப்பு வேதாரண்யமோ தூத்துக்குடியோ. காலி அட்டைகளையும் உறைகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் உள்ள முகவரியைப் பிள்ளைகளே படிக்கட்டும். அஞ்சல் குறியீட்டு எண் 60-இலிருந்து 64-க்குள் தொடங்கினால் பெரும்பாலும் தமிழ்நாடுதான். (புதுச்சேரியும் காரைக்காலும் இந்த எண்களுக்குள்தான் வரும், காரைக்கால் பெயர் வந்தால் அதையும் ஒரு பேச்சாக்கிக்கொள்ளுங்கள்.) ஒரு பொறி இதில் உண்டு. அட்டையில் இருக்கும் முகவரி சில சமயம் விற்பனை அலுவலகத்தினுடையது. "தயாரித்தவர்" என்ற வரியைத் தேடிப் படிக்கப் பழக்குங்கள்.

மூன்றாவது, இங்கிருந்து வெளியே போவது. நம் ஊர் நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து எங்கே போகிறது? நுகர்பொருள் வாணிபக் கழகம், அரைவை ஆலை, நீடாமங்கலத்தில் நெல் மூட்டை ஏற்றிப் புறப்படும் சரக்கு ரயில், எங்கோ ஒரு மாவட்டத்தின் ரேஷன் கடை. தலையாட்டிப் பொம்மை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலைச் சிலை, நரசிங்கம்பேட்டை நாகசுரம், கும்பகோணம் வெற்றிலை ஆகியவற்றுக்கும் இதே கேள்வி பொருந்தும்: யார் செய்கிறார்கள், எதனால் இந்த ஊரில், எங்கே போகிறது?

நான்கு அல்லது ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு துண்டு. எல்லோருக்கும் எல்லாம் என்று விட்டால் ஒரே பிள்ளை எழுதும், மற்றவர்கள் ஸ்கெட்ச் பேனாவுக்குச் சண்டை போடுவார்கள்.

அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், "நம் மாநிலம்" என்ற சொல் அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்திவிடும். அவர்கள் மாநிலத்தை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். ஒடிசாப் பிள்ளை என்றால் ரொம்ப வசதி: அங்கே மகாநதி டெல்டா, நெல், ஹிராகுட் அணை. இங்கே காவிரி டெல்டா, நெல், மேட்டூர் அணை. இரண்டு வரைபடத்தையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் மற்றப் பிள்ளைகளே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

4. ஆளைப் பார்த்துக் கேட்கட்டும்

இணையத்துக்கு முன்னால் ஓர் ஆளிடம் கேட்டாகவேண்டும் என்று விதி வையுங்கள். நீர்வளத் துறையின் லஸ்கர் (ஆறு, வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்), மதகு திறப்பவர், நடவுக்குப் போகும் அம்மாக்கள், கொள்முதல் நிலையத்தில் எடை போடுபவர், கொத்தனார், மீனவர், வெற்றிலைக் கொடிக்கால்காரர். வாத்தியாரைக் கேட்பது கடைசி.

மூன்று கேள்விகள் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு போகட்டும். பதிலைச் சொன்னவர் சொன்ன சொல்லிலேயே எழுதவேண்டும், திருத்தக் கூடாது. கீழே யார் சொன்னது, எந்தத் தேதி.

அப்படித்தான் ஒரு பெண்பிள்ளையின் நோட்டில் "பண்ணையோட வயலு ஒம்பது மா, நாங்க நடுவோம்" என்று ஒரு வரி வந்தது. அவளுடைய அப்பாயி சொன்னது. மா என்றால் எவ்வளவு என்று வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை, மீதிப் பேருக்குத் தெரிந்தது ஆனால் சொல்லத் தெரியவில்லை. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. கரும்பலகையில் போட்டதும் ஒன்பது மா மூன்று ஏக்கர் ஆனது. ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய ஏழரை மா என்று கண்டுபிடித்தார்கள். பாடப்புத்தகத்தில் லட்சம் ஹெக்டேர் என்று வரும் எண்ணுக்கு அதன் பிறகுதான் உயிர் வந்தது. கணக்குப் பாடத்துக்கு இரண்டு பீரியட் மிச்சம்.

கவனிக்கவேண்டியவை சில. "உங்கள் வயல் எவ்வளவு?" என்று பிள்ளைகளைக் கேட்கவே கேட்காதீர்கள், நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். "உங்கள் வீட்டில் நடவில், அறுப்பில் யார் என்ன வேலை செய்வார்கள்?" என்று கேளுங்கள். "உங்கள் தெருவின் பெருமை" போன்ற தலைப்புகள் சாதியில்தான் போய் முடியும், வேண்டாம். கடலோரப் பள்ளி என்றால் 2004 சுனாமி பற்றியும், வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் என்றால் 2018 நவம்பர் கஜா புயல் பற்றியும் பிள்ளைகள் கேட்க விரும்புவார்கள். கேட்கலாம், ஆனால் யார் வீட்டில் யாரை இழந்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு ஆளை நீங்கள் தேர்ந்தெடுங்கள்.

ஆற்றில் தண்ணீர் ஓடும் நாளில் படித்துறைக்கோ மதகுக்கோ பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவருக்கு உள்ளே நின்று பார்த்தால் போதும். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. எண்ணையும் வரைபடத்தையும் சரிபாருங்கள்

கடையில் வாங்கும் தமிழ்நாடு வரைபடத்தில் மாவட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். 38 இருக்கவேண்டும். 32 இருக்கும் பழைய சரக்கு இன்னும் பல கடைகளில் கிடக்கிறது. நம் பக்கமே நல்ல எடுத்துக்காட்டு: பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர் வந்தது, 2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38-வது மாவட்டமானது. பள்ளிப் பீரோவில் பழைய வரைபடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். புதியதையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ஒரு வகுப்பு போவதே தெரியாது.

மக்கள்தொகை என்று பத்து இணையப் பக்கத்தில் பத்து எண் வரும். 2011 கணக்கெடுப்பில் 7.21 கோடி. எண்ணோடு ஆண்டையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும், ஆண்டில்லாத எண்ணுக்கு மதிப்பெண் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

மேட்டூர் அணையின் உயரம் 120 அடி என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள், செய்தித்தாளில் தினமும் வரும் எண் அது. ஆனால் 120 அடி தண்ணீரின் முழுக் கொள்ளளவு மட்டம், அணையின் உயரம் 214 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி என்பதையும் எழுதவையுங்கள்.

மாநிலச் சின்னங்களில் படம்தான் பொறி. மரகதப்புறாவுக்குப் பதில் பச்சைப்புறாவின் படம் ஒட்டி வரும். இரண்டும் வேறு பறவைகள். பழைய பட்டியல்களில் வண்ணத்துப்பூச்சி இருக்காது. தமிழ் மறவன் 2019-இல்தான் அறிவிக்கப்பட்டது. வரையாடு, பனை, செங்காந்தள், பலா, கபடி இவற்றில் பிழை வருவது குறைவு.

அப்புறம் பெரிய கோயில். "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று ஒரு பிள்ளையாவது எழுதிக்கொண்டு வரும், அதன் அப்பாவும் அடித்துச் சொல்வார். தவறு என்று நீங்கள் சொல்லாதீர்கள். கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, தஞ்சாவூருக்குப் போகும் குடும்பம் ஏதாவது ஒன்று அந்த மாதத்தில் இருக்கும். சாயங்காலம் நான்கு மணிக்குமேல் நின்று பார்த்து ஒரு படம் எடுத்துவரச் சொல்லுங்கள். நீளமாக விழுந்துகிடக்கும் நிழலை வகுப்பில் காட்டிய பிறகு, "படித்ததை யாராவது பார்த்தார்களா?" என்று மற்றவர்களின் சார்ட்டையும் பிள்ளைகளே கேட்கத் தொடங்குவார்கள்.

நம்பிப் போகக்கூடிய இடங்கள்: மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம், பாடநூல் கழகத்தின் இலவசப் பாடநூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஊரில் உள்ள கிளை நூலகம். பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, கேட்டுவிட்டுப் பிள்ளைகளை அனுப்புங்கள்.

6. செலவு

இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிக்கலாம். சார்ட், ஸ்கெட்ச் பேனா, பசை, வெற்று வரைபடங்கள், கடிதங்களுக்கு ஜெராக்ஸ், அவ்வளவுதான். சார்ட்டுக்கும் காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் ஜவுளிக்கடை, நகைக்கடை காலண்டரின் பின்பக்கம் சார்ட்டைவிடக் கெட்டியானது. ஃபிளெக்ஸ் அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஃபிளெக்ஸில் பிள்ளையின் வேலை ஒன்றும் இல்லை, மறுத்துவிடுங்கள்.

பள்ளி மானியத்தில் எழுத முடியுமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். முடியும் என்றால் பள்ளி பெயரில், தேதியோடு பில் வாங்குங்கள். துண்டுச்சீட்டில் கூட்டிப் போட்டுக் கொடுக்கும் கடைக் கணக்கு தணிக்கையில் நிற்காது. பெற்றோரிடம் காசு வசூலிக்கவே வேண்டாம், இருபது ரூபாயானாலும் பேச்சு வரும்.

7. ஒப்பிக்காமல் பேசவைப்பது

நம் பிள்ளைகளுக்கு ஒரு ராகம் இருக்கிறது. "அனைவருக்கும் என் பணிவான வணக்கம்" என்று தொடங்கி, மூச்சு விடாமல், கடைசிச் சொல்லை இழுத்து ஒப்பிக்கும் ராகம். எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தால் இது வந்தே தீரும். அதனால் எழுதிக்கொடுக்காதீர்கள். தபால் அட்டை அளவுத் தாளில் ஐந்து சொற்கள் மட்டும் இருக்கட்டும்: வாய்க்கால், பாமணியாறு, மூணாறு தலைப்பு, கல்லணை, மேட்டூர். இடையில் உள்ளதைப் பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டும். வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும், "தண்ணி" என்றால் "தண்ணீர்" என்று திருத்தி நிறுத்தாதீர்கள்.

கையில் ஒரு பொருள் இருந்தால் பாதி பயம் போய்விடும். சீரகச் சம்பாவும் மாப்பிள்ளைச் சம்பாவும் இரண்டு கிண்ணத்தில், ஒரு பிடி வண்டல் மண், முட்டை அட்டை, தலையாட்டிப் பொம்மை. பொம்மையைத் தட்டிவிட்டுப் பேச ஆரம்பித்த ஒரு பையன், அது ஆடி நிற்கும்வரை சிரித்துக்கொண்டே சும்மா நின்றான். கூட்டம் முழுக்க அவனையே பார்த்தது. அவன் அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவன்.

ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம், ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம். ஒத்திகையை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முன் வையுங்கள். புரியவில்லை என்றால் அவர்கள் கூச்சமில்லாமல் கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விகளைக் குறித்துக்கொண்டு பேச்சைத் திருத்துவது நம் திருத்தத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. மேடைக்கே வரமாட்டேன் என்கிற பிள்ளையை வரைபடத்தில் கோல் வைத்துக் காட்டும் வேலைக்கு நிறுத்துங்கள்.

8. பேசும் நாள்

காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்கள். நடவு, அறுப்பு நாளில் பெற்றோர் காலையிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் வருவதுதான் முக்கியம் என்றால் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வையுங்கள், அதற்கும் தலைமை ஆசிரியரின் அனுமதி தனியாக வாங்கவேண்டும். மைக் வேண்டாம், வகுப்பறை போதும். தகவல் சொன்ன அப்பாயியையும் லஸ்கரையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள். ஊர்ப் பெரியவர்களை அழைத்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம் வாழ்த்துரை என்று பிள்ளைகளின் நேரம் போய்விடும், பேச அழைப்பதில்லை என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இந்த வேலையை வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாக (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) பதிய முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதே வாரத்தில் வேறொரு செயல்பாட்டுக்கு உட்காரவேண்டியிருக்கும். நோட்டுகளைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள். சார்ட்டுகளைச் சுருட்டிப் பீரோவின் மேல்தட்டில் வையுங்கள், கீழ்த்தட்டு என்றால் மழைக்காலத்தில் கரையான். ஒப்புதல் கடிதங்களையும் பில்களையும் ஒரே கோப்பில் போட்டு ஆண்டுத் தணிக்கை முடியும்வரை வைத்திருங்கள்.